தற்செயலிடம் முதலில் கேட்கிற வேலை

பரிணாம மரபியலில் போஸ்ட்டாக் வேலை பார்க்கிறவரின் நாளில் பெரும்பகுதி ஒரே ஒரு சந்தேகத்தோடு மல்லுக்கட்டுவதில் போகிறது: 'இது தற்செயலாகவே வந்திருக்கலாமே?' குளிரான மலையில் வாழும் பழ ஈக்களிடம் ஒரு மரபணு வடிவம் நிறைய இருக்கிறது, சமவெளி ஈக்களிடம் அது அரிது என்று வைத்துக்கொள்வோம். குளிரைத் தாங்க அது உதவியது, அதனால் இயற்கைத் தேர்வு அதைப் பெருக்கியது என்று சொல்லிவிட வாய் துடிக்கும். ஆனால் எந்த ஈ முட்டையிட்டது, எது இடாமலே செத்தது என்கிற வெறும் அதிர்ஷ்டமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து இதே வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். மலைக்கு முதலில் வந்து சேர்ந்த நாலைந்து ஈக்களிடம் அந்த வடிவம் இருந்தது என்பதாலேயே இன்று எல்லாவற்றிடமும் இருக்கலாம். மரபியல் நகர்வு என்று இதற்குப் பெயர். ஆய்வகப் பேச்சில் டிரிஃப்ட்தான். டிரிஃப்ட்டால் மட்டும் இது வந்திருக்காது என்று காட்டும்வரை 'தேர்வு' என்று பேசக்கூடாது என்பது எங்கள் துறையின் ஒழுக்கம்.

இந்த ஒழுக்கத்துக்கு நிறைய நேரம் வேண்டும். போஸ்ட்டாக் பதவியோ அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போஸ்ட்டாக் என்றால் முனைவர் பட்டம் முடித்தபின், நிரந்தர வேலை கிடைக்கும்முன், இன்னொருவருடைய ஆய்வகத்தில் ஒப்பந்தத்தில் செய்யும் முழுநேர ஆராய்ச்சி. மாணவர் என்ற பாதுகாப்பும் கிடையாது, பேராசிரியர் என்ற அதிகாரமும் கிடையாது. ஆனால் எங்கள் துறையின் நல்ல வேலைகள் பலவும் இந்த இடைப்பட்ட நிலையில் இருந்தவர்கள் கையால் நடந்தவை. ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா அரிசோனாவில் மைக்கேல் நாக்மனின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக இருந்தபோதுதான் பாக்கெட் எலி என்னும் சின்னப் பாலைவன எலியின் நிறத்தை ஆராய்ந்தார். கறுத்த எரிமலைப் பாறைமேல் வாழும் எலிகள் கறுப்பு. பக்கத்திலேயே வெளிர் பாறைமேல் வாழ்பவை மணல் நிறம். அரிசோனா-மெக்சிகோ எல்லையில் உள்ள பினகாட்டே எரிமலைப் பரப்பில் வாழும் கறுப்பு எலிகளுக்கு எம்சி1ஆர் என்ற மரபணுவில் உள்ள மாற்றங்கள் காரணம் என்று 2003-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அதே வருடம் இன்னொன்றும் சொன்னார்கள்: நியூ மெக்சிகோவின் எரிமலைப் பாறைகளில் வாழும், பார்க்க அச்சாக அப்படியே இருக்கும் கறுப்பு எலிகளிடம் அந்த மாற்றங்கள் இல்லை. அங்கே அதே கறுப்பு வேறு மரபணுக்களின் வழியாக வந்திருக்கிறது. முதல் கண்டுபிடிப்பு கையில் இருக்கும்போதே, அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று காட்டுகிற இரண்டாவதையும் தேடிப்போனார்கள் பாருங்கள், அதற்காகவே அந்த வேலைமேல் எனக்கு மரியாதை.

டிரிஃப்ட்டுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் மோட்டூ கிமுரா. மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அவை தற்செயலாகவே பரவி நிலைக்கின்றன என்று 1968-இல் அவர் எழுதினார். அவரோடு வேலை பார்த்த டோமோகோ ஓட்டா 1973-இல் அதை இன்னும் கூர்மையாக்கினார்: லேசாகக் கெடுதல் செய்யும் சடுதிமாற்றங்களைத் தேர்வால் களைய முடியுமா என்பது கூட்டத்தின் அளவைப் பொறுத்தது, சிறிய கூட்டத்தில் அவை டிரிஃப்ட்டின் கையில் தப்பிவிடும். என்னைக் கேட்டால், இந்தத் துறைக்கு வருகிறவர்கள் டார்வினுக்கு அடுத்து ஓட்டாவைப் படிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து மார்ட்டின் கிரைட்மன், இன்னும் மாணவராக இருந்தபோது, பழ ஈயின் ஏடிஹெச் மரபணுவின் 11 பிரதிகளின் டிஎன்ஏ எழுத்துகளைக் கையாலேயே வரிசைப்படுத்தினார். 43 இடங்களில் வேறுபாடு இருந்தது. அதில் ஒன்றே ஒன்றுதான் புரதத்தை மாற்றியது. குருட்டாம்போக்கில் எழுத்துகள் மாறினால், புரதத்துக்கான குறியீட்டுப் பகுதியில் விழும் மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தை மாற்றியிருக்க வேண்டும். அவை இல்லாமல் போனதிலிருந்து, தேர்வு அவற்றைத் தொடர்ந்து களைந்துகொண்டே வந்திருக்கிறது என்று புரிந்தது. காணாமல்போனதைக் கணக்கிட்டுத் தேர்வைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, நாள்தோறும் கையால் என்ன செய்கிறோம்?

பாதி நேரம் ஈ அறையில். 25 டிகிரியில் முட்டை ஈயாக மாறச் சுமார் பத்து நாள். மலை ஈயின் ஒரு மரபணுத் துண்டைச் சமவெளி ஈயின் உடலில் கொண்டுவந்து வைக்க, கலப்பினத்தை மறுபடி மறுபடி சமவெளி ஈயோடு கலக்க வேண்டும். ஒவ்வொரு கலப்புக்கும் இதுவரை இணைசேராத பெண் ஈ தேவை. ஏனென்றால் பெண் ஈ விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே இணைசேர்ந்திருந்தால் குஞ்சுகளுக்கு அப்பா யார் என்று சொல்ல முடியாது. கூட்டை விட்டு வந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கசியும் தட்டில் ஈக்களை மயங்கவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்போம். புதிதாக வந்த ஈ வெளிறிப்போய் இருக்கும், வயிற்றின் தோல் வழியாக ஒரு கரும்புள்ளி தெரியும். புழுவாக இருந்தபோது கடைசியாகத் தின்றதன் மிச்சம் அது. அந்தப் புள்ளி இருந்தால் நம்பி எடுக்கலாம். காலையில் வந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. விடுமுறை நாளிலும் ஈ பிறக்கத்தான் செய்யும்.

பத்து முறை திருப்பிக் கலந்தால், நமக்கு வேண்டிய துண்டைத் தவிர மலை ஈயின் மரபுப்பொருள் சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதற்கே ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஆனால் அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வரும் அண்டைப் பகுதி அவ்வளவு எளிதில் போகாது. அதில் எத்தனை மரபணு இருக்கிறதோ அத்தனைமேலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அப்புறம் குளிர்ச் சோதனை. ஈக்களைக் குப்பியோடு பனிக்கட்டியில் புதைத்து வைத்தால் சில நிமிடங்களில் விறைத்துப்போய்விடும். சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்துத் தட்டில் கொட்டினால் எல்லாம் மல்லாந்து கிடக்கும். முதலில் ஒரு காலின் நுனி துடிக்கும். பிறகு ஆறு காலும் காற்றில் தாறுமாறாக அசையும். உடம்பு ஒரு பக்கம் சாயும், மறுபடி மல்லாக்க விழும். திடீரென்று ஒரு புரளலில் எழுந்து நிற்கும். நின்ற நொடியைக் குறிக்க வேண்டும். சீக்கிரம் எழுந்தால் குளிரிலிருந்து நன்றாக மீள்கிறது என்று பொருள். எந்தக் குப்பியில் எந்த வரிசை (ஒரே வம்சமாக வளர்த்துவரும் ஈக்கள்) என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. குப்பிமேல் எண் மட்டும்தான் இருக்கும், எண்ணுக்கு உரிய பெயர் சக ஆய்வாளர் ஒருவரிடம் பூட்டியிருக்கும். இல்லாவிட்டால், 'இது மலை ஈ, எழுந்துவிடும்' என்று மனசு எதிர்பார்க்கிறபோது கண்ணும் அதற்குத் தகுந்த மாதிரி ஒரு நொடி முந்திக்கொள்ளும்.

மீதி நேரம் கணினி முன்னால். என் வேலையின் உண்மையான போராட்டம் அங்கேதான் நடக்கிறது.

மலை ஈக்களையும் சமவெளி ஈக்களையும் ஜீனோம் முழுக்க, அதாவது மொத்த மரபுப்பொருளையும், ஒப்பிட்டு, எந்தப் பகுதியில் இரண்டும் அதிகமாக விலகி நிற்கின்றன என்று ஒரு வரைபடம் போடுவோம். அடியில் குரோமோசோம்கள், மேலே விலகலின் அளவு. பெரும்பாலும் தரையோடு தரையாக ஒரு புழுதிப் படலம், அங்கங்கே சிகரங்கள். சிகரத்தைப் பார்த்ததும் வரும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், உடம்பே சூடாகிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜீனோமைப் பதினான்காயிரம் துண்டுகளாக வெட்டி, அதிகம் விலகிய ஒரு சதவீதத்தை எடுத்தால் 140 துண்டு கிடைக்கும். தேர்வு என்ற ஒன்றே நடக்காத ஈக்களை எடுத்து வெட்டினாலும் அதே 140 கிடைக்கும். ஒரு சதவீதம் என்று கேட்டால் ஒரு சதவீதம் வரத்தான் செய்யும். அதன்பின் கதைக்குப் பஞ்சமே இல்லை. பழ ஈயின் ஜீனோமில் புரதம் செய்யும் மரபணு மட்டுமே சுமார் 14,000. எந்த மூலையில் கை வைத்தாலும் பக்கத்தில் ஒரு மரபணு இருக்கும், அதற்கு ஏதோ ஒரு வேலை இருக்கும், கொஞ்சம் படித்துப் பார்த்தால் அந்த வேலைக்கும் குளிருக்கும் ஒரு தொடர்பும் கிடைத்துவிடும். செல் சவ்வு என்றால் குளிரில் சவ்வு இறுகும். நரம்பு என்றால் குளிரில் நரம்பு மந்தமாகும். கொழுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் சிகரம் தெரிந்த அன்றே அதை உடைக்கப் பார்ப்பது என் வழக்கம். இந்த ஈக்கூட்டம் எப்போது சுருங்கியது, எப்போது பெருகியது, இரண்டு கூட்டமும் எவ்வளவு கலந்தன என்பதையெல்லாம் மதிப்பிட்டு, தேர்வே இல்லாத ஈக்களின் வரலாற்றைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவேன். கூட்டம் ஒரு காலத்தில் ரொம்பச் சுருங்கியிருந்தால், தேர்வு விட்டுச்செல்லும் அதே தடத்தை அந்தச் சுருக்கமும் விட்டுச்செல்லும். பரிணாம மரபியலில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான். என் மலை ஈக்களில் தெரிந்த ஒரு சிகரம் அந்தச் சோதனையில் நின்றது. எந்தப் போலி வரலாற்றிலும் இவ்வளவு உயரம் வரவில்லை.

அடுத்து, ஜீனோம் வரிசைப்படுத்தும் கருவி கொடுத்த துண்டு வாசிப்புகளை நேரடியாகத் திரையில் விரித்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் ஒவ்வொரு எழுத்தின்மேலும் சராசரி முப்பது வாசிப்பு இருந்தது. சிகரத்தின் அடியில், மலை ஈக்களில் மட்டும், அறுபது. இன்னும் உற்றுப் பார்த்தால், மலை ஈ ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் இரண்டு எழுத்துகளும் பாதிக்குப் பாதி. 1908-இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியாகச் சொன்ன எளிய கணக்கு இருக்கிறது: தற்போக்கில் இணைசேரும் கூட்டத்தில், இரண்டு வடிவங்களையும் ஒருசேர வைத்திருப்பவை பாதிக்கு மேல் போகாது. இங்கே எல்லா ஈயும் வைத்திருந்தது. அப்படியென்றால் அது ஒரு மரபணுவின் இரண்டு வடிவம் அல்ல, மலை ஈக்களில் அந்த மரபணுவே இரண்டாகப் பெருகியிருக்கிறது. கொஞ்சமே வேறுபட்ட இரண்டு பிரதிகள். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த மாதிரி ஜீனோமில் ஒரு பிரதிதான் இருப்பதால், இரண்டின் வாசிப்புகளும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. இரட்டையர் இருவரும் ஒரே பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டதைப் போல. டிரிஃப்ட் சோதனையில் நின்ற சிகரம் என் கண் முன்னாலேயே கரைந்தது.

கரைந்த இடத்தில் வேறொரு கேள்வி முளைத்தது. மலையில் அந்த மரபணு ஏன் இரண்டாக இருக்கிறது? பிரதி கூடினால் புரதமும் கூடுமா? குளிரில் அது உதவுமா, அல்லது இந்தப் பெருக்கமும் முதல் குடியேறிகளோடு தற்செயலாக வந்ததுதானா? முதல் கேள்வியைவிட இது நல்ல கேள்வி என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் விடை காண நீண்ட வாசிப்பு தரும் கருவியில் ஜீனோமை மறுபடி வரிசைப்படுத்த வேண்டும், மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையை வைத்து ஒரு பிரதியை நீக்கிய ஈக்களை உருவாக்க வேண்டும், குளிர்ச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒப்பந்தமோ முடியப்போகிறது.

இந்தச் சிக்கல் என் மேசையோடு நின்றுவிடுவதில்லை. ஐரோப்பியர்களின் உயரம் பற்றிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஐரோப்பியர்கள் உயரமாக இருப்பதில் தேர்வின் கை இருக்கிறது, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும் நூற்றுக்கணக்கான மரபணு வடிவங்கள் அங்கே சேர்ந்து பெருகியிருக்கின்றன என்று 2012-இலிருந்து பல கட்டுரைகள் வந்தன. பாடநூல் உதாரணம் ஆகிவிடும் போலிருந்தது. 2019-இல் ஈலைஃப் இதழில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கட்டுரை வெளியிட்டன. சுமார் ஐந்து லட்சம் பேரின் தரவு உள்ள யுகே பயோபேங்கை வைத்துக் கணக்கிட்டால் அந்தத் தடயம் பெரும்பாலும் மறைந்துபோகிறது. பழைய ஆய்வுகள் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து எடுத்தவை. வடக்கு, தெற்கு மக்களிடையே இருந்த சின்னச் சின்ன மரபு வேறுபாடு முழுமையாகக் களையப்படாமல், உயர மரபணுக்களின் கணக்கில் கலந்துவிட்டது. ஒவ்வொரு மரபணுவிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நூற்றுக்கணக்கில் கூட்டும்போது அது பெரிய பொய்யாக எழுந்து நின்றது. இதில் என்னை மிகவும் தொட்டது, அந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றின் முதல் ஆசிரியரான ஜெரமி பெர்க், தேர்வுத் தடயத்தை அளக்கும் முறையை 2014-இல் கிரகாம் கூப்போடு சேர்ந்து வகுத்தவர் என்பது. கூப்பும் 2019 கட்டுரையில் இருக்கிறார். தாங்கள் கட்டியதைத் தாங்களே எடைபோட்டு, எடை குறைகிறது என்று அச்சில் சொன்னார்கள். எங்கள் துறையில் பெருமைப்பட ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இப்படி நடந்துகொள்வதற்கு வேலைச் சந்தை என்ன விலை கொடுக்கிறது? மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் தரும் போஸ்ட்டாக் உதவித்தொகை, ஐரோப்பாவுக்குள் என்றால், ஒன்றிலிருந்து இரண்டு வருடம். மனித எல்லை அறிவியல் திட்டம் என்ற சர்வதேச நிதி அமைப்பு தருவது மூன்று வருடம். முதல் பல மாதங்கள் ஈ வரிசைகளை நிறுவவே போய்விடும். கடைசி வருடம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் போகும். கியூரி உதவித்தொகைக்கு, போக விரும்பும் நாட்டில் விண்ணப்பக் கெடு நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது என்று விதி. ஆகவே கேள்வி பாதியில் இருந்தாலும் நாடு மாறியாக வேண்டிவரும். ஒரு நேர்முகத்தில் என்னிடம், 'தேர்வுக்கு உட்பட்ட எத்தனை மரபணுக்களைக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டார்கள். எத்தனையைக் கழித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது, இன்னும் வலிக்கிறது. இரண்டு வருடத்துக்குள் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும் என்று நெருக்கினால், சிகரத்துக்கு அடியில் இருக்கும் வாசிப்புகளை விரித்துப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஈ. கோலை பாக்டீரியாவின் பன்னிரண்டு கூட்டங்களோடு ஒரு பரிசோதனை தொடங்கினார். தினமும் புதுக் கரைசலுக்கு மாற்றுவார்கள், 500 தலைமுறைக்கு ஒரு முறை ஒரு மாதிரியை உறையவைப்பார்கள். சுமார் 31,500 தலைமுறை போனபின், பன்னிரண்டில் ஒரே ஒரு கூட்டம், ஆக்சிஜன் இருக்கும்போதே, கரைசலில் இருந்த சிட்ரேட் என்ற பொருளைத் தின்னக் கற்றுக்கொண்டது; ஈ. கோலையால் வழக்கமாக அது முடியாது. லென்ஸ்கியின் ஆய்வகத்தில் இருந்த சாக்கரி பிளவுண்ட் உறைந்த மாதிரிகளை எழுப்பி, வரலாற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, பிந்தைய தலைமுறைகளிலிருந்து தொடங்கினால்தான் அந்தத் திறன் மறுபடி வருகிறது, அதற்கு முன்பே ஏதோ ஒரு தயாரிப்பு மாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார். 2008-இல் கட்டுரை வந்தது. 2022-இல் பரிசோதனையே டெக்சாசில் ஜெஃப்ரி பேரிக்கின் ஆய்வகத்துக்குக் கைமாறியது. எந்த ஒரு ஒப்பந்தத்துக்குள்ளும் அடங்காத வேலை அது. கைமாற்றி நடத்த முடிந்ததால் மட்டுமே நடந்தது.

பாக்டீரியாவை உறையவைத்துவிட்டுப் போகலாம். பழ ஈயை உறையவைத்து எழுப்பும் முறைகள் வந்திருந்தாலும் பெரும்பாலான ஆய்வகங்களின் அன்றாட வழக்கத்தில் அது இன்னும் இல்லை. 18 டிகிரியில் வைத்தாலும் சில வாரங்களுக்கு ஒரு முறை யாராவது புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். போஸ்ட்டாக் போய்விட்டால், மாற்ற ஆள் இல்லாவிட்டால், அரை வருடம் உழைத்து உருவாக்கிய வரிசை சத்தமில்லாமல் செத்துப்போகும். அதோடு கேள்வியும்.

அதனால் போஸ்ட்டாக்காகச் சேரப்போகிறவர்கள் சம்பளத்துக்கும் கட்டுரைப் பட்டியலுக்கும் முன்னால் பேராசிரியரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். நான் போனபின் இந்த உயிர்களைப் பார்த்துக்கொள்வது யார்? இங்கே தொடங்கும் கேள்வியில் எதை நான் என் சொந்த ஆய்வகத்துக்கு எடுத்துப்போகலாம்? என் முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை வெளியிட ஒத்துழைப்பீர்களா? கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல பேராசிரியர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

நான் இப்போது ஒப்படைப்புக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தக் குப்பி எந்த வரிசை, எத்தனை முறை திருப்பிக் கலந்தது, கரைந்த சிகரத்தின் வாசிப்புப் படங்கள், போலி வரலாறுகளை ஓட்டிய நிரல், எல்லாம் அதில் இருக்கும். ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவி ஒருவர் பெருகிய மரபணுவை எடுத்துக்கொள்கிறார். ஒரு பிரதியை நீக்கிய ஈக்களை அவர்தான் உருவாக்கப்போகிறார். அந்த ஈக்களும் மற்றவற்றைப் போலவே அதே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டால், பெருக்கத்துக்கும் குளிர் மீட்சிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றே கட்டுரை எழுதுவது என்று மூவரும் பேசி முடிவெடுத்து, அதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். பேராசிரியர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.